குளிர்காலத்தில் மலைமேல் மழை பெய்தால்

1910 பிப்ரவரி கடைசி வாரம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கேஸ்கேட் மலைத்தொடரின் ஸ்டீவன்ஸ் கணவாயை ஒட்டி வெலிங்டன் என்ற சிறிய ரயில் நிலையம். கிரேட் நார்தர்ன் ரயில்வேயின் பயணிகள் ரயில் ஒன்றும் தபால் ரயில் ஒன்றும் முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் போக முடியாமல் நாள்கணக்கில் அங்கே நின்றுவிட்டன. பாதையைச் சுத்தம் செய்யச் செய்ய மேலேயிருந்து பனி இறங்கி மறுபடி மூடியது. பொறுமை இழந்த சிலர் இறங்கி நடந்தே மலையடிவாரம் போய்ச் சேர்ந்தார்கள். மற்றவர்கள் பெட்டிகளிலேயே படுத்து உறங்கினார்கள்.

அந்த வாரத்தின் கடைசியில் குளிர் விட்டது. பனி நின்று மழை பிடித்தது, கூடவே இடியும் மின்னலும். இத்தனை நாள் கொட்டிய பனி ஓய்ந்ததே என்று பெட்டிக்குள் யாராவது நிம்மதிப் பெருமூச்சு விட்டிருந்தால் அதில் வியக்க ஒன்றுமில்லை. மார்ச் 1, பின்னிரவு ஒரு மணி தாண்டியிருக்கும். மேலே காட்டுத்தீயில் மரங்களை இழந்து மொட்டையாகக் கிடந்த சரிவிலிருந்து பனி பெயர்ந்து வந்து இரண்டு ரயில்களையும் சுமார் 150 அடி கீழே, ஆற்றுப் பள்ளத்துக்குள் தள்ளியது. 96 பேர் இறந்தார்கள். அமெரிக்காவில் ஒரே பனிச்சரிவில் இத்தனை பேர் இறந்தது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. மூன்று நாள் கழித்து, மார்ச் 4 அன்று, வடக்கே கனடாவின் ரோஜர்ஸ் கணவாயில் ஒரு சரிவு ரயில் பாதையை மூடியது. அதை அள்ளிக்கொண்டிருந்த தொழிலாளர்கள்மேல் எதிர்ப்பக்க மலையிலிருந்து இன்னொன்று இறங்கியது. அங்கே 58 பேர்.

பனி அதிகம், அதனால் சரிந்தது என்று முடித்துவிடலாம். ஆனால் வெலிங்டனுக்கு நேர் மேலே இருந்த பனி அத்தனை நாளும் அங்கேயேதான் இருந்தது. வெதுவெதுப்பான ஈரக்காற்று வந்த இரவில்தான் இறங்கியது. மலையில் பனி எவ்வளவு விழுந்திருக்கிறது என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. எது முதலில் விழுந்தது, அதன்மேல் எது வந்து விழுந்தது என்று கேட்டால்தான் உபயோகமான பதில் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

தமிழில் புல்நுனியில் நிற்கும் துளிக்கும் பனி என்றுதான் பெயர், மலைமேல் இரண்டு ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடப்பதற்கும் அதே பெயர்தான். எல்லாம் ஒரே சொல்லில் அடங்கிவிடுவதால் மலைப்பனியும் மேலிருந்து கீழ்வரை ஒரே பொருள் என்ற நினைப்பு நமக்குச் சுலபமாக வந்துவிடுகிறது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஒரு சரிவில் இடுப்பளவு ஆழத்துக்கு நேராக வெட்டிப் பார்த்தால் அந்த நினைப்பு போய்விடும். வெட்டிய முகத்தில் மரத்தின் வளையங்கள்போல வரி வரியாகத் தெரியும். ஒவ்வொரு வரியும் ஒரு புயல், அல்லது இரண்டு புயல்களுக்கு நடுவே வந்த வெயில், அல்லது மேகமில்லாத ஓர் இரவு.

அந்த வரிகளின் உறுதியைப் பார்க்கப் பனி ஆராய்ச்சியாளர்கள் வைத்திருக்கும் முறை வெகு எளிமையானது. கையுறை போட்ட முஷ்டியை வைத்து லேசாக அழுத்துவார்கள். முஷ்டியே உள்ளே போனால் பனி மிக மென்மை. போகவில்லையா, நான்கு விரல். அதுவும் போகவில்லையா, ஒரு விரல். அடுத்து பென்சில், கடைசியாகக் கத்தி. நல்ல பனிமூட்டில் (தரைவரை அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கும் பனி முழுவதையும் இப்படிச் சொல்கிறேன்) மேலே முஷ்டி போகும், கீழே போகப் போகப் பென்சில் வேண்டியிருக்கும். மென்மை மேலே, உறுதி அடியில். பாரம் குறைந்தது மேலே இருந்தால் கவலை குறைவு.

வெதுவெதுப்பான புயல் கெடுப்பது இந்த வரிசையைத்தான். பெரும்பாலும் புயல் குளிராகத் தொடங்கும். இறகுபோன்ற பனி விழும், ஒரு கன மீட்டர் எடுத்து நிறுத்தால் 50 கிலோவிலிருந்து 100 கிலோவுக்குள் இருக்கும். சில மணி நேரத்தில் கடல் பக்கமிருந்து சூடான ஈரக்காற்று உள்ளே வருகிறது. வெப்பநிலை பூஜ்ஜியத்தை நெருங்குகிறது. இப்போது விழுவது நனைந்த, ஒட்டிக்கொள்ளும் பனி. அதே கன மீட்டர் 200 கிலோவைத் தாண்டும். இறகின்மேல் செங்கல் அடுக்கிய கதைதான். வெட்டிப் பார்த்தால் மேலே ஒரு விரல்கூடப் போகாது, அதற்குக் கீழே முஷ்டி தாராளமாகப் போகும். மலைக்காரர்கள் இதைத் தலைகீழ்ப் பனி என்கிறார்கள். மேலடுக்கு பலகைபோல இறுகியிருப்பதால் ஓரிடத்தில் விரிசல் விட்டால் அந்த விரிசல் அங்கேயே நிற்பதில்லை. அடியில் இருக்கும் பலவீனமான அடுக்கு வழியாகச் சரிவின் அகலம் முழுக்க ஓடும். அப்புறம் முழுப் பலகையும் ஒரே துண்டாக நகரும். ஆளை விழுங்கும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட பலகைச் சரிவுகளே.

இதே புயல் சூடாகத் தொடங்கிக் குளிராக முடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதலில் விழுந்த ஈரப்பனி பழைய பனியோடு நன்றாக ஒட்டியிருக்கும். அதன்மேல் கனம் குறைந்த பனி படிந்திருக்கும். அளவு அதே அளவு, ஆபத்து பாதிகூட இருக்காது. அடியில் பழைய பலவீனமான அடுக்கு ஏதும் ஒளிந்திருக்கவில்லை என்றால், அதுவும்.

பனிக்கு இன்னொரு குணமும் உண்டு. மெல்ல மெல்ல ஏற்றும் பாரத்துக்கு அது பழகிக்கொள்ளும். மணிகள் ஒன்றோடொன்று உறைந்து பிணைந்து, கொஞ்சம் அமுங்கி, நாளாக ஆக உறுதிப்படும். அதே பாரத்தை ஒரே இரவில் ஏற்றினால் முறிந்துவிடும். சூடான புயல்கள் ஏற்றுவது இப்படித்தான், அவசர அவசரமாக. காரணம், சூடான காற்று கூடுதல் நீராவியைத் தாங்கும். அதோடு காற்றின் வேகம். ஒரு சரிவின் முதுகிலிருந்து பனியைச் சுரண்டி மறுபக்கத்தில், காற்று படாத சரிவில் கொண்டுபோய்க் குவிக்கும். வானத்திலிருந்து விழும் வேகத்தைவிடப் பத்து மடங்கு வேகத்தில்கூட இப்படிக் குவிவதுண்டு. அளவுகோலில் 30 சென்டிமீட்டர் பனி என்று பதிவாகியிருக்கும் நாளில் முகட்டுக்கு அப்புறம் உள்ள பள்ளத்தில் இரண்டு மூன்று மீட்டர் கிடக்கலாம்.

மழைக்கு வருவோம். விஷயம் சுவாரசியமாவது இங்கேதான்.

மழை பனியைக் கரைக்கும், அதனால் சரியும் என்பது பொதுவான நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பார்த்தால் மழைத்துளியின் சூட்டுக்கு அவ்வளவு சக்தி கிடையாது. 5 டிகிரி வெப்பமுள்ள மழைநீர் 16 கிலோ சேர்ந்தால்தான் ஒரு கிலோ பனி கரையும். உண்மையில் வேலை பார்ப்பவை வேறு இரண்டு. ஒன்று, காற்றில் இருக்கும் நீராவி. சில்லென்ற பனியின் மேற்பரப்பில் ஒரு கிலோ நீராவி நீராக மாறும்போது வெளிவிடும் வெப்பம் ஏழு கிலோவுக்கு மேல் பனியைக் கரைக்கப் போதும். அதனால்தான் சூடும் ஈரமும் பலத்த காற்றும் ஒன்றாக வரும் இரவு, வெறும் மழை இரவைவிட மோசமானது. இரண்டாவது, மழைநீர் குளிர்ந்த பனிக்குள் இறங்கி அங்கேயே உறைவது. உறையும்போது அதுவும் வெப்பத்தை விடுகிறது. ஒரு கிலோ மழைநீர் உறைந்தால், மைனஸ் 10 டிகிரியில் கிடந்த 16 கிலோ பனியைப் பூஜ்ஜியம் வரை ஏற்றிவிடும். குளிரில் இறுகிக் கிடந்த பனிமூட்டு ஒரே மழையில் உருகுநிலைக்கு வந்து நிற்பது இப்படித்தான்.

ஈரம் கொஞ்சமாக இருக்கும்வரை அது நல்லதே செய்கிறது. கடற்கரையில் ஈரமணலில் கோட்டை கட்டியவர்களுக்கு இது தெரியும். லேசாக நனைந்த மணல் நிற்கும், காய்ந்த மணல் உதிரும், நீர் தளும்பும் மணல் வழிந்தோடும். பனியும் அப்படியே. மணிகளுக்கு நடுவே மெல்லிய நீர்ப்படலம் இருக்கும்போது அது பிடித்து வைக்கிறது. இடைவெளிகள் நிறைந்து நீர் ஓடத் தொடங்கும்போது மணிகளை இணைத்திருந்த பனிக்கழுத்துகள் கரைகின்றன, பிடிப்பு அறுகிறது. கீழே இறங்கும் நீர் எங்கேயாவது பழைய பனி ஓட்டில் முட்டி நின்றால் அந்த மட்டத்தில் தேங்கிப் பக்கவாட்டில் பரவும். அந்த ஓடு வழுக்குப் பாறையாகிவிடும்.

எடையும் சேர்ந்துகொள்கிறது. 20 மில்லிமீட்டர் மழை என்றால் சாதாரண மழைதான். ஒரு ஹெக்டேர் பரப்பில் அது 200 டன். ஏற்கெனவே தாங்க முடியாமல் தாங்கிக்கொண்டிருக்கும் சரிவின்மேல் ஓரிரவில் 200 டன்.

ஆனால் கேஸ்கேட் மலைகளில் செய்த ஆய்வுகள் காட்டிய ஒரு விஷயம் இந்த விளக்கங்களுக்குள் முழுதாக அடங்கவில்லை. புதிதாக விழுந்த காய்ந்த பனியின்மேல் மழை தொடங்கினால், சில நேரம் சில நிமிடங்களிலேயே சரிவுகள் புறப்பட்டுவிடுகின்றன. பலவீனமான அடுக்கை நீர் எட்டுவதற்கே நேரமில்லை. எடையும் ஏறியிருக்காது. மேலே சில சென்டிமீட்டர் நனைந்து குழைந்ததே போதும்; மேலடுக்கு சரிவின் கீழ்நோக்கி வேகமாக ஊர ஆரம்பிக்கிறது, அந்த இழுப்பு அடியில் இருக்கும் பலவீனத்துக்குப் போய்ச் சேர்கிறது. நடைமுறையில் இதற்கு அர்த்தம், மழை வலுக்கட்டும், அப்போது இறங்கிக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர் மிக ஆபத்தான அந்த முதல் நேரத்தைச் சரிவின் கீழேயே கழிக்கிறார்.

இதற்கு நேர்மாறான செய்தியும் உண்டு. பலமுறை மழையில் நனைந்து, நீர் வடிய உள்ளே குழாய்போல வழிகள் உண்டாகிவிட்ட பழைய பனி, அடுத்த மழையைப் பெரும்பாலும் சலனமில்லாமல் வடித்துவிடும். கடலோர மலைகளில் இப்படிப் பழகிய பனி நிறைய. உள்நாட்டில், மாதக்கணக்காகக் குளிரில் காய்ந்த, அடியில் சர்க்கரைபோல உதிரும் மணிகள் கொண்ட பனிமூட்டின்மேல் குளிர்காலத்தின் முதல் மழை விழும்போதுதான் கலக்கம். மழைக்குப் பழகாத பனிதான் மழைக்கு முதலில் பலியாகும்.

ஒரு மலை, மூன்று வானிலை

சூடான புயலில் ஆபத்து எவ்வளவு என்று கேட்டால், எந்த உயரத்தில் என்று திருப்பிக் கேட்க வேண்டும். உறைநிலை மட்டம், அதாவது காற்றின் வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொடும் உயரம், 2,000 மீட்டரில் இருக்கிறது என்று வானிலை அறிக்கை சொன்னால் அதற்கு நன்றாகக் கீழே மழை. அதையொட்டிய இரண்டு மூன்று நூறு மீட்டர் பட்டையில் நனைந்த கனமான பனி. அதற்கு மேலே காய்ந்த பனி, சூறைக்காற்று, முகட்டுக்கு அப்புறம் குவியும் பலகைகள். கீழிருந்து பார்ப்பவர் தன் தலையில் மழையைப் பார்க்கிறார், பனி கரைகிறது என்று நினைக்கிறார். ஆயிரம் மீட்டர் மேலே அதே நேரத்தில் மணிக்கு மூன்று சென்டிமீட்டர் பனி ஏறிக்கொண்டிருக்கலாம். அங்கிருந்து புறப்படுவது நிற்கப்போவது மழை நனைக்கும் பள்ளத்தாக்கில்தான்.

2025 பிப்ரவரி 28 அன்று உத்தராகண்டில் பத்ரிநாத்துக்கு மேலே மானா கிராமத்தருகே எல்லைச் சாலைகள் அமைப்பின் முகாம்மீது பனிச்சரிவு இறங்கியது. 54 தொழிலாளர்கள் சிக்கினார்கள், 8 பேர் இறந்தார்கள். மற்றவர்களில் பலர் உயிரோடு கிடைத்ததற்கு அவர்கள் தங்கியிருந்த இரும்புக் கன்டெய்னர்கள் பெரிய காரணம். இமயமலையின் மேற்குப் பகுதிக்கு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஈரத்தை அள்ளிவருபவை மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தக் கலக்கங்கள். வட அமெரிக்காவின் மேற்குக் கடற்கரைக்கு அதே வேலையைச் செய்வது பசிபிக்கிலிருந்து நீளும் ஈரக்காற்று ஆறுகள். ஹவாய் பக்கமிருந்து வருபவற்றுக்கு அங்கே அன்னாசி எக்ஸ்பிரஸ் என்றே செல்லப்பெயர். பெயர் எதுவானாலும் வழிமுறை ஒன்று: சூடான இடத்து ஈரம் குளிர்ந்த மலையில் மோதுகிறது.

உறைநிலை மட்டம் புயலின்போது ஏறிக்கொண்டே போனால் அதுதான் மிகக் கெட்ட அறிகுறி. காலையில் பனியாக இருந்த உயரம் மாலையில் மழையாகிறது. காலையில் விழுந்த இளம்பனிக்கு மாலை மழையை வாங்கும் திராணி கிடையாது. மட்டம் இறங்கிக்கொண்டே வந்தால் ஓரளவு மூச்சுவிடலாம்.

குளிர்காலத்துச் சாதாரண நாள்களில் பனிச்சரிவில் சிக்குபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர், தாங்களோ தங்கள் குழுவில் ஒருவரோ கிளப்பிவிட்ட சரிவிலேயே சிக்குகிறார்கள். பனிச்சறுக்கு வீரரின் எடை பலவீனமான இடத்தில் பட்டது, பலகை முறிந்தது. (சத்தம் போட்டால் சரிவு வரும் என்பது திரைப்படங்களின் புண்ணியம். மனிதக் குரலுக்கு அந்த வலு இல்லை.) எங்கே கால் வைக்கிறோம் என்ற சாமர்த்தியம் அன்று உயிர் காக்கும். சூடான புயலில் அந்தச் சாமர்த்தியத்துக்கு மதிப்புக் குறைகிறது. சரிவுகள் தாமாகவே புறப்படுகின்றன, நமக்கு ஆயிரம் மீட்டர் மேலே, நம் கண்ணில் படாத சரிவிலிருந்து. நாம் நடப்பது சமதரையாக இருந்தாலும் மேலே 30 முதல் 45 டிகிரிக்குள் சாய்ந்த சரிவு ஒன்று இருந்தால் போதும்.

ஐரோப்பா 1993 முதல் ஐந்து படிகள் கொண்ட ஆபத்து அளவுகோலைப் பயன்படுத்துகிறது. 1 குறைவு, 5 மிக அதிகம். அதிக உயிர்கள் போவது நடுவில் இருக்கும் 3ஆம் படியில். 5 என்று அறிவித்த நாளில் ஊரே கதவடைத்துக்கொள்கிறது, 3 என்றால் 'நடுத்தரம்தானே' என்று கிளம்பிவிடுகிறார்கள். சூடான வானிலையில் இந்த எண்ணை மட்டும் பார்ப்பது போதாது. காலை எட்டு மணிக்கு 2 என்று இருந்த சரிவு மதியம் 3 அல்லது 4 ஆகலாம். அறிக்கையில் எண்ணுக்குக் கீழே சிறிய எழுத்தில் எந்த உயரம், எந்தத் திசைச் சரிவு, எந்த நேரம் என்று எழுதியிருக்கும். நான் முதலில் படிக்கச் சொல்வது அதைத்தான்.

மலையே சில சைகைகள் காட்டும். மரக்கிளைகளிலிருந்து பனி பொத் பொத்தென்று விழுவது. சரிவில் சிறிய பனிப்பந்துகள் தாமாக உருண்டு, உருள உருளப் பருத்து, பின்னால் கோடு போட்டுக்கொண்டு போவது. காலடியில் 'வும்ப்' என்று அடித்தொண்டையில் உறுமுவதுபோல ஓசை கேட்பது. அது அடியில் பலவீனமான அடுக்கு நொறுங்கும் சத்தம். நேற்றுவரை கணுக்கால் புதைந்த பனியில் இன்று முழங்கால் புதைவது. கடைசியாகச் சொன்னதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

ஈரச்சரிவு வேகத்தில் காய்ந்த சரிவுக்கு நிகரில்லை. காய்ந்த பனித்தூள் மேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். ஈரப்பனி பெரும்பாலும் ஓடைகளைப் பிடித்துக்கொண்டு, குழைத்த சிமென்ட்போல வரும். ஓடித் தப்பிக்கலாம் என்று தோன்றும், தப்ப முடிவதில்லை. நின்றவுடன் அது இறுகும். புதையுண்டவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்தில் எடுத்துவிட்டால் பிழைப்பவர்களே அதிகம், அதற்குப் பின் வாய்ப்பு செங்குத்தாகச் சரிகிறது. கனடாவையும் சுவிட்சர்லாந்தையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்றில், அடர்த்தியான கடலோரப் பனியில் பிழைக்கும் வாய்ப்பு இன்னும் சீக்கிரம் குறையத் தொடங்குவது தெரிந்தது. அடர்ந்த பனியில் காற்று குறைவு, மார்பின்மேல் எடை அதிகம், தோண்டவும் நேரம் பிடிக்கும்.

இத்தனை கெடுதல் செய்த அதே நீர் உறைந்துவிட்டால் கதை தலைகீழாகிறது. நனைந்த பனிமூட்டு ஆழமாக உறைந்தால் அதைவிட உறுதியான பனி கிடையாது; லாரியே ஏறினாலும் அசையாது. புயலுக்குப் பின் மேகம் விலகி, நட்சத்திரங்கள் தெரியும் இரவு வந்தால் பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு, காற்று பூஜ்ஜியத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தாலும்கூட, உறைந்துகொள்ளும். மேகம் மூடிய இரவு வந்தால் அந்த வெப்பம் திரும்பிவருகிறது, பனி ஈரமாகவே விடிகிறது. அதனால் மலைப்பகுதிகளில் அனுபவசாலிகள் பகலில் எவ்வளவு வெயில் என்று கேட்பதைவிட ராத்திரி உறைந்ததா என்றுதான் கேட்பார்கள். ஆனால் உறைவது மேலே ஓட்டளவில் மட்டும் என்றால் பத்து மணி வெயிலுக்கு அது தாங்காது. மேல்மலையில், மழை எட்டாத உயரத்தில் புதைந்திருக்கும் பழைய பலவீனமான அடுக்குக்கும் இந்த உறைதல் எதுவும் செய்யாது. அது வாரக்கணக்கில் காத்திருக்கும்.

ஒரு காலத்தில் ஈரச்சரிவு என்றால் வசந்தகாலத்துச் சமாச்சாரம். ஏப்ரல் மாதத்துக்கென்று மனதில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். இப்போது ஜனவரியில் மழை மேலே மேலே ஏறுகிறது. 2019இல் காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகள் குழு வெளியிட்ட கடல், பனிமண்டலம் பற்றிய சிறப்பு அறிக்கை இரண்டையும் சேர்த்தே சொன்னது: தாழ்வான உயரங்களில் பனியே குறைவதால் பனிச்சரிவுகளும் குறையும், ஆனால் ஈரப்பனிச் சரிவுகள் நடுக்குளிர்காலத்திலும் அடிக்கடி வரும். மொத்த எண்ணிக்கை குறைகிறது என்ற முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு நிம்மதி அடைபவர்களுக்கு இரண்டாம் பாதியையும் படித்துக்காட்ட வேண்டியிருக்கிறது. முன்பு காய்ந்த பனி மட்டுமே கண்ட உயரங்களில் ஜனவரி மழை விழும்போது அங்கே இருப்பது மழைக்குப் பழகாத பனி.

வெலிங்டனில் ரயில் கம்பெனி எந்த இரவில் பனி சரியும் என்று கணிக்கவெல்லாம் முயலவில்லை. முதலில் ஊருக்கு டை என்று பெயர் மாற்றினார்கள். பழைய பெயரைக் கேட்டாலே பயணிகள் மிரண்டார்கள். அடுத்து பாதையின்மேல் கான்கிரீட் கூரைகள் கட்டி, பனி அதன்மேல் வழிந்து போகட்டும் என்று விட்டார்கள். அதுவும் போதாமல், 1929இல், மலையைக் குடைந்து பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கப்பாதை திறந்து, சரிவுகளுக்கு அடியிலிருந்தே விலகிக்கொண்டார்கள். கைவிட்ட பழைய ரயில் பாதை இன்று நடைபாதை. கோடையில் குடும்பத்தோடு வருகிறார்கள், கான்கிரீட் கூரைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பனிக்காலத்தில் அந்தப் பக்கம் வர வேண்டாம் என்கிறார்கள்.